"எனக்குத்தான் ஏற்கெனவே வந்திட்டுதே, டொக்டர்"

கட்டாருக்குப் போக எடுத்த மெடிக்கலில் 'ஹெபடைடிஸ் பி பொசிட்டிவ்' என்று வந்திருந்தது. ஈரலைத் தாக்கும் வைரஸ் இரத்தத்தில் இருக்கிறது என்று பொருள். அந்த றிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார் அந்தத் தம்பி. ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கடைக்கு மேலே ஓர் அறையில் ஆறு பேர் தங்கியிருக்கிறார்கள். முகம் கழுவும் இடத்தில் ஒரே ஒரு ரேசர். அவசரத்துக்கு யாரும் எடுப்பார்களாம்.

"இனிமேல் உங்களுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி" என்றேன்.

"எனக்குத்தான் ஏற்கெனவே வந்திட்டுதே, டொக்டர். இனி எனக்கு என்ன வரப் போகுது?"

இந்தக் கேள்வி என் காதில் அடிக்கடி விழுகிறது. காய்ந்துபோன இரத்தத்திலும் இந்த வைரஸ் ஒரு வாரமாவது உயிர்ப்போடு இருக்கும் என்பதால், அறையில் இருக்கும் மற்ற ஐந்து பேரைக் காப்பாற்றவே தனி ரேசர் வேண்டும். ஆனால் அவருக்கும் அது தேவை. றிப்போர்ட்டில் 'பொசிட்டிவ்' என்று ஒரே சொல்தான் இருக்கும். அதற்குப் பின்னால் இருப்பது ஒரே வைரஸ் அல்ல.

ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபுச் செய்தி ஏறத்தாழ 3200 எழுத்துகள்தான். அதில் 8 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் தனி மரபு வகை என்று பிரிக்கிறோம். ஏ முதல் ஜே வரை எழுத்துப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்த ஊர் உண்டு. தெற்காசியாவில் பெரும்பாலும் ஏ, டி. மத்திய கிழக்கிலும் மத்தியதரைக் கடலைச் சுற்றியும் டி. சீனா, கொரியா, யப்பான் பக்கம் பி, சி. மேற்கு ஆபிரிக்காவில் ஈ. எங்கள் பிள்ளைகள் கட்டாருக்கும் கொரியாவுக்கும் போய் வருகிறார்கள். வைரஸும் மனிதரோடுதான் பயணம் செய்கிறது.

ஒரு வகை ஏற்கெனவே ஈரலில் இருக்கும்போது இன்னொரு வகையும் உடம்புக்குள் வரலாம். இரண்டும் ஒரே ஈரல் கலத்துக்குள் பெருகினால், ஒன்றின் துண்டு மற்றொன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். இதுதான் மரபணு மீள்சேர்க்கை. எப்போதோ ஒருமுறை ஆய்வுகூடத்தில் காணும் அதிசயம் என்று இதை நினைக்க வேண்டாம். திபெத்தில் பரவலாக இருப்பதே சி-யும் டி-யும் கலந்த வைரஸ்தான். கிழக்கிலிருந்து வந்த சி-யும் மேற்கிலிருந்து வந்த டி-யும் சந்தித்த மேட்டுநிலம் அது. அங்குள்ள ஒரு கலப்பு வைரஸின் மேலுறைப் பகுதியை மட்டும் வாசித்தால் 'டி' என்று எழுதிவிடுவோம். முழுவதையும் வாசித்தால்தான் பெரும்பகுதி சி என்பது தெரியும். ஆசியப் பெருநிலத்தின் பி வகையும் அப்படியே. அதன் உட்கருப் பகுதியில் சி-யின் துண்டு இருக்கிறது. யப்பானில் உள்ள பி வகையில் அது இல்லை.

இது வெறும் பெயர் வித்தியாசம் அல்ல. பி-யை விட சி-யில் ஈரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். வைரஸுக்கு எதிராகப் போடும் இன்டர்பெரோன் ஊசிக்கு ஏ நன்றாக மசியும், டி அவ்வளவாக மசியாது. டி வகையில் 'ஈ அன்டிஜன் நெகட்டிவ்' (இந்த 'ஈ' மரபு வகை அல்ல, இரத்தத்தில் பார்க்கும் வைரஸின் ஒரு புரதம்) என்று வந்தாலும் வைரஸ் ஈரலை அரித்துக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, சுகமாகிவிட்டது என்று கிளினிக் வருவதை நிறுத்தியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

ஆறுதலான செய்தியும் உண்டு. தடுப்பூசி எல்லா வகைக்கும் வேலை செய்கிறது. வைரஸை அடக்கும் டெனோபோவிர் குளிசையும் அப்படித்தான். இலங்கையில் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி தொடங்கியது 2003இல். அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்குப் போட்டிருக்காது. வீட்டில் ஒருவருக்குப் பொசிட்டிவ் என்றால் மற்ற எல்லோரும் இரத்தம் கொடுத்துப் பாருங்கள். ஒன்றாகச் சாப்பிடுவதாலோ குழந்தையைத் தூக்குவதாலோ இது தொற்றாது. கோப்பையைத் தனியாக ஒதுக்கி வைத்து மனிதரை நோகடிக்க வேண்டாம்.

அடுத்த முறை அந்தத் தம்பி மனைவியையும் கூட்டிவந்தார். மனைவிக்குத் தொற்றும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை. அன்றே முதல் ஊசி போட்டோம். இரண்டாவது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாம் மாதத்தில். திகதிகளை அட்டையில் எழுதிக் கொடுத்தபோது, "அறையில் இருக்கிற பொடியன்மாரையும் கூட்டிக்கொண்டு வரட்டா?" என்று தம்பி கேட்டார்.