49 என்றால் எந்த 49? பழைய லென்ஸுக்குப் பொருந்தும் ஃபில்டரைக் கண்டுபிடிப்பது

கேமரா லென்ஸின் முன்பக்க வளையத்தில் '50 மி.மீ.' என்று எழுதியிருப்பதைப் பார்த்து 50 மி.மீ. ஃபில்டர் வாங்குவதுதான் இந்த விஷயத்தில் முதல் தவறு. அது குவியத் தூரம். ஃபில்டர் அளவு வேண்டுமானால், குறுக்கே கோடு போட்ட வட்டத்தைத் (⌀) தேடுங்கள். அதன் பக்கத்தில் இருக்கும் எண்தான் விட்டம். பழைய லென்ஸ்கள் பலவற்றில் அந்தக் குறியே இருக்காது. அசல் மூடி கைவசம் இருந்தால் அதன் உட்பக்கத்தைப் பாருங்கள், அங்கே எண் இருக்க வாய்ப்புண்டு.

எண் கிடைத்தாலும் பாதிதான் தெரிந்திருக்கிறது. ஃபில்டர் திருகி ஏறும் மரைக்கு விட்டம் மட்டுமல்ல, பிட்ச்சும் உண்டு. பிட்ச் என்பது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள தூரம். இன்று கடைகளில் கிடைக்கும் 49, 52, 55, 58 மி.மீ. ஃபில்டர்களுக்கு அது 0.75 மி.மீ. லைக்காவின் இ39, சோவியத் ஜூபிடர்-8இன் 40.5 போன்ற சிறிய அளவுகளுக்கு 0.5. இதுவரை சிக்கல் இல்லை, 40.5 என்று விற்கும் புது ஃபில்டர்களும் பெரும்பாலும் 0.5தான். ஜூபிடர்-9 போன்ற சில பழைய லென்ஸ்களில்தான் வம்பு: விட்டம் 49, பிட்ச் 0.5. எண்ணை நம்பி சாதாரண 49 ஃபில்டரைத் திருகினால் ஒரு சுற்று முடிவதற்குள் இறுகி நின்றுவிடும். சுற்றுக்கு 0.25 மி.மீ. விலகுவதால் பல்லின் மேல் பல் ஏறுகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஃபில்டர் உட்காரும்தான், ஆனால் லென்ஸின் மெல்லிய அலுமினிய மரை அதோடு போயிற்று.

எண்ணே இல்லாத லென்ஸை வெர்னியர் காலிப்பரால் அளக்கலாம். அளப்பது எதை என்று தெரிந்திருக்க வேண்டும். லென்ஸில் இருப்பது உள்மரை. காலிப்பரின் தாடைகள் தொடுவது புரிகளின் முகட்டை. ஆகவே வரும் அளவு பெயரளவைவிட (ஃபில்டரை விற்கும் எண்ணைவிட) குறைவாக இருக்கும், ஏறக்குறைய பிட்ச்சின் 1.08 மடங்கு. 49×0.75 மரை 48.2 என்று காட்டும். அதைப் பார்த்து 48 ஃபில்டர் வாங்கினால் துளை 48.2, ஃபில்டர் 48: மரை பிடிக்காமல் உள்ளே விழுந்து ஆடும். 40.5×0.5 லென்ஸ் ஏறத்தாழ 40 என்று காட்டுவதும் இதனால்தான். ஃபில்டரின் வெளிமரையை அளந்தால் இந்தக் குழப்பம் இல்லை; பெயரளவுக்கு மிக நெருக்கமாகவே வரும். ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு திசையில் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் வேறுபட்டால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்து வளையம் நசுங்கியிருக்கிறது. எந்த ஃபில்டர் வாங்கினாலும் ஏறாது, முதலில் நசுங்கலை எடுக்க வேண்டும்.

பிட்ச்சை அறிய மெல்லிய காகிதத் துண்டு போதும். அதை உள்மரையின் மேல் வைத்து நகத்தால் அழுத்தி எடுத்தால் புரிகளின் தடம் பதியும். மூன்று இடைவெளியை அளந்தால் 0.75க்கு 2.25 மி.மீ., 0.5க்கு 1.5 மி.மீ. கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம் இது. பழைய ஃபில்டர் ஒன்றின் பிட்ச் தெரியவில்லையென்றால், பிட்ச் தெரிந்த இன்னொரு ஃபில்டரின் வெளிமரையோடு அதைப் பக்கவாட்டில் ஒட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல்லுக்குள் பல் இடைவெளியின்றி அமர்ந்தால் இரண்டும் ஒன்று.

எல்லாம் சரியாக இருந்தும் கோணலாக ஏற்றினால் மரை கெடும். முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். லேசாக 'டக்' என்று இறங்கும் இடம் வரும். அதுதான் மரையின் வாய். அங்கிருந்து வலப்பக்கம், இரண்டு விரல் பலம் மட்டும்.

மரையே இல்லாத ரகங்களும் உண்டு. லைட்ஸ் எல்மார் 50 மி.மீ. எஃப்/3.5க்கு ஏ36 என்ற செருகு வளையம், 36 மி.மீ. வெளிவிட்டத்தின் மேல் மாட்டுவது. ரோலைஃப்ளெக்ஸ், யாஷிகா மேட் போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களுக்கு பயோனெட், அதாவது செருகிக் கொஞ்சம் திருப்பிப் பூட்டும் அமைப்பு: பே 1, பே 2, பே 3. இவற்றை மரைக்கு மாற்றும் வளையம் கிடைக்கிறது, ஆனால் பெரிய ஃபில்டர் மேலே இருக்கும் பார்வை லென்ஸை மறைக்கும். இன்னொன்று சீரிஸ் வகை. இதில் கண்ணாடிக்கு மரை கிடையாது. லென்ஸில் ஏறும் அடாப்டருக்கும் அதைப் பூட்டும் வளையத்துக்கும் நடுவே தளர்வாக அமரும். சீரிஸ் 5 என்றால் 30.2 மி.மீ., 6 என்றால் 41.3, 7 என்றால் 50.8, 8 என்றால் 63.5. பூட்டு வளையம் தொலைந்துபோன செட் மலிவாகக் கிடைக்கும். அது ஏன் மலிவு என்பது வாங்கிய பிறகு புரியும்.

ஐந்தாறு பழைய லென்ஸ் வைத்திருப்பவர் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபில்டர் தேடுவது வீண் அலைச்சல். ஃபில்டரைப் பெரிய ஒரே அளவில், 58 அல்லது 67இல் வாங்கி, லென்ஸுக்கு ஒரு ஸ்டெப்-அப் ரிங் (சிறிய மரையில் பெரிய ஃபில்டரை ஏற்றும் வளையம்) போடுவதே நல்லது. 49×0.5 போன்ற விசித்திரங்களுக்கும் 0.75க்கு மாற்றும் வளையம் உண்டு. இதனால் வரும் இழப்பு, பக்க வெளிச்சத்தைத் தடுக்கும் பழைய ஹூடு மாட்ட முடியாமல் போவது. பெரியதிலிருந்து சிறியதற்குப் போகும் ஸ்டெப்-டவுன் வேண்டாம், படத்தின் மூலைகளை வெட்டும். 28 மி.மீ.யும் அதைவிட அகலமான லென்ஸ்களும் ஸ்டெப்-அப்பிலும் மூலைகளில் இருட்டலாம், அதிலும் வளையத்தின் மேல் வளையம் அடுக்கினால். குவியத்தை முடிவிலிக்கு வைத்து, எஃப்/16 என்ற சிறிய திறப்பில் வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள். முழுத் திறப்பில் மங்கலாகக் கரையும் நிழல் இங்கே கூரிய விளிம்போடு தெரியும்.

போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க, திருப்பிச் சரிசெய்யும் ஃபில்டர்) வாங்கும் முன் ஒன்று: குவியம் திருப்பும்போது லென்ஸின் முன்பகுதியும் சேர்ந்து சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் குவியத்தை முடித்த பிறகே போலரைசரைத் திருப்ப வேண்டும். கேமராவின் ஒளிமானி லென்ஸ் வழியாக அளக்கவில்லை என்றால் ஃபில்டர் தின்னும் ஒளியை நீங்களே ஈடுகட்ட வேண்டும்: நடுத்தர மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப் (ஒளியை இரட்டிப்பாக்கும் ஒரு படி), அடர் சிவப்புக்கு மூன்று.

சிக்கிக்கொண்ட ஃபில்டரை விரல்களால் இறுக்கிப் பிடித்துத் திருகாதீர்கள். வட்டம் நீள்வட்டமாகி இன்னும் கெட்டியாகும். சுற்றிலும் அகலமான ரப்பர் பட்டை போட்டு, அழுத்தாமல் திருப்புங்கள். அல்லது ரப்பர் பாயின் மேல் ஃபில்டரின் விளிம்பு முழுதும் சமமாகப் படும்படி கவிழ்த்து வைத்து, லென்ஸின் உடலைப் பிடித்துச் சுழற்றுங்கள். கழன்ற பிறகு மரையில் பென்சில் முனையைத் தேய்த்துவிடுங்கள். கிராஃபைட் படிந்தால் அடுத்த முறை சிக்காது. எண்ணெய் வேண்டாம், அது கண்ணாடிக்குப் பரவும்.