அப்டேட் முடிந்தும் கெர்னல் பழையதாகவே இருப்பது ஏன்?

2022 மார்ச்சில் ‘டர்ட்டி பைப்’ என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. லினக்ஸின் கெர்னலில், அதாவது வன்பொருளையும் நிரல்களையும் ஆளும் மையப் பகுதியில், 5.8 பதிப்பு முதல் இருந்து வந்த பிழை அது. படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பிலும் சாதாரணப் பயனர் எழுதிவிடலாம்; அந்த வழியே ரூட் எனும் முழு நிர்வாகி அதிகாரத்தையும் பிடித்துவிடலாம். லினக்ஸைத் தொகுத்து வழங்கும் விநியோகங்களில் ஒன்றான உபுண்டு உடனே திருத்தம் அனுப்பியது. ஆனால் திருத்தம் வட்டில் இறங்குவது வேறு, கணினியில் ஓடுவது வேறு.

கணினி எழும்போது க்ரப் என்ற பூட்லோடர் ‘/பூட்’ அடைவிலுள்ள கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. பிறகு வட்டில் எத்தனை புதிய கெர்னல் வந்தாலும், அணைக்கும்வரை ஓடுவது அன்று ஏற்றியதுதான். பிரவுசரை மூடித் திறந்தால் புதிதாகிவிடும். கெர்னலுக்கு ரீபூட் வேண்டும். (லைவ்பேட்ச் சேவை சில ஓட்டைகளை ஓடும்போதே அடைக்கும். எல்லாவற்றையும் அல்ல.)

ஆகவே முதலில் இரண்டை ஒப்பிடுங்கள். ‘யூநேம் -ஆர்’ ஓடும் கெர்னலைச் சொல்லும். ‘டிபிகேஜி -எல்’ தரும் பட்டியலில் ‘ஐஐ’ (முழுதாக நிறுவியது) என்று தொடங்கும் ‘லினக்ஸ்-இமேஜ்’ வரிகள் வட்டில் இருப்பவற்றைக் காட்டும். வட்டில் புதியது, ஓடுவது பழையது என்றால் ரீபூட் பாக்கி. ரீபூட் செய்தும் பழையதே எழுந்தால், ‘/எட்சி/டீஃபால்ட்/க்ரப்’ கோப்பில் ‘க்ரப்_டீஃபால்ட்’ பழைய வரி எதையாவது பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். 0 என்று மாற்றி ‘அப்டேட்-க்ரப்’ ஓட்டினால் போதும்.

வட்டிலேயே புதியது இல்லையா? அப்போது சிக்கல் பெயரில் இருக்கிறது. உபுண்டுவில் ஒவ்வொரு கெர்னலும் தனிப் பெயருள்ள தனிப் பேக்கேஜ் (நிறுவும் மென்பொருள் பொட்டலம்). 5.13.0-30 ஒன்று, 5.13.0-35 வேறொன்று. புதியதை இழுத்து வருவது ‘லினக்ஸ்-ஜெனெரிக்’ என்ற மெட்டா பேக்கேஜின் வேலை. ‘ஆப்ட்-கெட் அப்கிரேட்’ கட்டளையோ, கணினியில் ஏற்கெனவே இல்லாத பேக்கேஜை நிறுவாது. ‘கெப்ட் பேக்’ (நிறுத்தி வைத்தவை) என்று ஒரு வரி காட்டிவிட்டு மற்றதையெல்லாம் புதுப்பித்துவிடும். அந்த வரியைக் கவனிக்காதவர் வேலை முடிந்ததாகவே நினைப்பார். ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’ கொடுங்கள். அது சிலவற்றை நீக்கவும் செய்யும் என்பதால், சம்மதிக்கும் முன் பட்டியலைப் படியுங்கள். ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ கெர்னலைக் காட்டினால், யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள். இவற்றில் மிக மோசமானது, இடம் மிச்சம் பிடிக்க மெட்டா பேக்கேஜையே நீக்கியிருப்பது. அப்போது எச்சரிக்கைகூட வராது. புதிய கெர்னல் ஒருபோதும் இறங்காது.

அடுத்தது ‘/பூட்’ நிரம்புவது. வட்டைக் குறியாக்கம் செய்து நிறுவினால் ‘/பூட்’ சிறிய தனிப் பிரிவாக இருக்கும். ஒவ்வொரு கெர்னலுக்கும், எழும்போது முதலில் தேவைப்படுபவற்றை அடக்கிய ஒரு இனிட்ஆர்டி கோப்பும் உண்டு, அதுதான் பெரிது. புதுப்பிக்கும்போது பழைய கோப்பை அழிக்காமல் பக்கத்திலேயே புதியதை எழுதி முடித்துத்தான் மாற்றுவார்கள் என்பதால், அந்த நேரத்தில் இரு மடங்கு இடம் தேவை. இடம் போதாவிட்டால் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று பாதியில் நிற்கும். பட்டியலில் ‘ஐஐ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஐஎஃப்’ (அமைப்பு பாதியில் நின்றது) நிற்கும். இந்த நிலையில் ரீபூட் செய்யவே செய்யாதீர்கள். இனிட்ஆர்டி இல்லாத கெர்னல் ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியாமல் ‘பேனிக்’ ஆகி நின்றுவிடும்.

‘டிஎஃப் -எச் /பூட்’ கொடுத்து இடத்தைப் பாருங்கள். ‘ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்’ முயன்று, அது மறுத்தால் மிகப் பழைய கெர்னலை ‘டிபிகேஜி --பர்ஜ்’ மூலம் நீக்குங்கள். வரிசை முக்கியம்: முதலில் ‘மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா’, பிறகு ‘இமேஜ்’, கடைசியில் ‘மாட்யூல்ஸ்’. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலைத் தொடாதீர்கள். கோப்புகளை நேரடியாக ‘ஆர்எம்’ கொண்டு அழித்தால் பேக்கேஜ் கணக்கு குழம்பும். இடம் கிடைத்ததும் ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, அடுத்து ‘ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்’. ஒரே எண்ணில் விஎம்லினஸ் (கெர்னல் கோப்பு), இனிட்ஆர்டி இரண்டும் ‘/பூட்’டில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ரீபூட்.

இடம் இருந்தும் ‘ஐஎஃப்’ நின்றால், என்விடியா இயக்கி போன்ற டிகேஎம்எஸ் மாட்யூல் (ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகக் கம்பைல் செய்ய வேண்டிய வெளி இணைப்பு) புதிய கெர்னலுக்குக் கம்பைல் ஆகாமல் இருக்கலாம். ‘/வார்/லிப்/டிகேஎம்எஸ்’ அடியில் ‘மேக்.லாக்’ கோப்பு காரணத்தைச் சொல்லும்.

எல்லாம் முடிந்தபின் எண்ணை எதோடு ஒப்பிடுவது? டர்ட்டி பைப் மூல லினக்ஸில் 5.16.11, 5.15.25, 5.10.102 பதிப்புகளில் சரியானது. உபுண்டு அதே திருத்தத்தைத் தன் பழைய 5.13 வரிசையிலேயே, 5.13.0-35இல், பின்னோக்கிச் சேர்த்தது. எனவே உங்கள் விநியோகம் வெளியிட்ட பாதுகாப்பு அறிவிப்பிலுள்ள எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். டெபியன் என்ற விநியோகத்தில் திருத்தம் வந்தும் ‘யூநேம் -ஆர்’ பெயர் மாறாமல் இருப்பதுண்டு. அங்கே ‘யூநேம் -வி’ காட்டும் பேக்கேஜ் பதிப்பைப் பாருங்கள். டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரலைத் தனித்து ஓட்டும் உறைக்குள்) ‘யூநேம்’ காட்டுவது அதைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியின் கெர்னலை. திருத்தத்தையும் ஹோஸ்ட்டில்தான் நிறுவ வேண்டும்.