புரோக்கர் யாருடைய ஆள்? சட்டம் சொல்வது இதுதான்

வீட்டைச் சுற்றிப் பார்த்து முடித்ததும் புரோக்கர் ஓனரைத் தனியாக மாடிப்படி பக்கம் அழைத்துப் போகிறார். ஐந்து நிமிடம் ஏதோ பேச்சு. திரும்பி வந்து உங்கள் காதோரம், "சார், உங்களுக்காக ஒரு லட்சம் குறைச்சிருக்கேன்" என்கிறார். அங்கே ஓனரிடம், "பார்ட்டி இதுக்கு மேல ஏற மாட்டாங்க, பேசாம முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கப்போகிற இவர் யாருடைய ஆள்?

இதற்குப் பதில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. இன்னொருவருக்காக ஒரு காரியத்தைச் செய்ய அமர்த்தப்பட்டவர் முகவர், அமர்த்தியவர் முதல்வர் என்கிறது பிரிவு 182. எழுத்தில்தான் அமர்த்த வேண்டும் என்றில்லை, வாய்ச்சொல்லே போதும். "இந்த இடத்தை வித்துக் கொடுப்பா" என்று ஓனர் சொன்னால் அவர் ஓனரின் முகவர். "எனக்கு ஒரு வீடு பாருங்க" என்று நீங்கள் சொன்னால் உங்கள் முகவர். ஒரே ஆளிடம் இருவரும் சொல்லியிருந்தால்தான் சிக்கல். அப்படி இருபுறமும் கமிஷன் வாங்கக் கூடாது என்று நேரடியாகத் தடுக்கும் பிரிவு இல்லை. ஆனால் தன்னை அமர்த்தியவரிடம் மறைத்துத் தனக்கென்று லாபம் பார்க்கக் கூடாது.

இதற்குச் சட்டமே தரும் ஓர் உதாரணம் நம் ஊர் நடப்பைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். ஒரு வீட்டை எனக்கு வாங்கித் தா என்று ஒருவர் முகவரிடம் சொல்கிறார். முகவரோ, "அது கிடைக்காது" என்று சொல்லிவிட்டுத் தானே வாங்கிவிடுகிறார். விஷயம் தெரியவந்தால், அவர் வாங்கிய அதே விலைக்குத் தனக்கு விற்கும்படி முதல்வர் கட்டாயப்படுத்தலாம் என்கிறது பிரிவு 216. "மேல வச்சு விக்கிறது" என்போமே, அதற்கும் இது பொருந்தும். ஓனருக்கு 40 லட்சம் என்று சொல்லி, வாங்குபவரிடம் 43 வாங்கி, நடுவில் 3 லட்சத்தை ஓனருக்குத் தெரியாமல் ஒதுக்கினால் அந்தப் பணத்தை ஓனர் கேட்கலாம். "எனக்கு 40 வந்தா போதும், மேல கிடைக்கிறது உன்னோடது" என்று ஓனரே முன்கூட்டி ஒப்புக்கொண்டிருந்தால் கதை வேறு.

வாங்குபவருக்குக் கைகொடுப்பது பிரிவு 238. ஓனரின் வேலையாக வந்த புரோக்கர் இடத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்றால், ஓனரே பொய் சொன்னதாகத்தான் கணக்கு. "அதெல்லாம் புரோக்கர் சொன்னது, எனக்குத் தெரியாது" என்று ஓனர் எளிதில் நழுவ முடியாது.

அடுத்தது ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். புரமோட்டர் (கட்டியோ மனை பிரித்தோ விற்பவர்) விற்கும் புது அடுக்குமாடி, புது மனைப்பிரிவு ஆகியவற்றுக்குத்தான் இது. பழைய வீட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்கும் மறுவிற்பனை இதற்குள் வராது, அங்கே மேலே சொன்ன ஒப்பந்தச் சட்டம் மட்டும்தான். 500 சதுர மீட்டருக்கு (ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டு) மேற்படாத நிலத்துக்கும், 8 வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் ரெரா பதிவு தேவையில்லை.

ரெராவில் பதிவான புராஜெக்ட்டை விற்றுத் தரும் புரோக்கர் தானும் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். பெயர் ஏஜென்ட், டீலர், கன்சல்டன்ட் என எதுவாக இருந்தாலும் சரி. வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகம் செய்துவைத்துக் கூலி வாங்கினாலே அவர் முகவர்தான். ஒவ்வொரு விற்பனையிலும் தன் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவாகாத புராஜெக்ட்டைத் தொடக் கூடாது. இல்லாத அப்ரூவலை இருப்பதாகச் சொல்லக் கூடாது. கணக்கு வழக்குகளைப் பராமரிக்க வேண்டும். புக்கிங் நேரத்தில் உங்களுக்குச் சேர வேண்டிய ஆவணங்கள், தகவல்கள் கைக்கு வர அவர் உதவ வேண்டும். "பணத்தைக் கட்டுங்க, டாக்குமெண்ட் அப்புறம் வரும்" என்பது ரெராவின் பிரிவு 10க்கே எதிரானது. புரமோட்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்டால், முதலில் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவாகியிருக்க வேண்டும்.

புரோக்கர் தனக்கான விதிகளை மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், மொத்தமாக அந்தச் சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை. 50 லட்ச ரூபாய் வீடென்றால் 25 நாளில் உச்சவரம்பைத் தொட்டுவிடும். பொய் சொல்லிப் பதிவு வாங்கினால் அதை ரத்தும் செய்யலாம். தமிழ்நாட்டில் புகாரைத் தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்திடம் கொடுக்க வேண்டும். புரமோட்டர் மீது மட்டுமல்ல, முகவர் மீதும் புகார் தரலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

பவர் ஏஜென்டையும் புரோக்கரையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பவர் பத்திரம் இல்லாத புரோக்கர் ஓனருக்காகக் கையெழுத்துப் போட முடியாது. பவரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு இடத்தை வாங்கிவிட்டதாக நினைப்பதும் தவறு. அது உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது.

கடைசியாக, கமிஷன். எத்தனை சதவீதம் என்று ரெரா எதுவும் நிர்ணயிக்கவில்லை, பேசி வைப்பதுதான். தனியாக ஒப்பந்தம் இல்லையென்றால், ஒப்புக்கொண்ட வேலை முடிந்த பிறகே கூலி கேட்க முடியும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 219. வேலை முடிவது எப்போது என்பதில்தான் சண்டையே வரும். அட்வான்ஸ் போட்டதும் முடிந்தது என்பார் அவர், கிரயம் ஆனால்தான் என்பீர்கள் நீங்கள். முதல் இடம் பார்க்கப் போவதற்கு முன்பே அவருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: "எனக்காக வீடு பார்க்கிறீர்கள். கமிஷன் ஒரு சதவீதம், கிரயப் பத்திரம் பதிவான அன்று தருவேன். ஓனரிடமும் வாங்குவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்."