அனிகட்: வெட்டு இல்லை, கட்டு

பாசனப் பொறியாளர்களைத் தாண்டி அதிகம் பேர் அறியாத ஆங்கிலச் சொல் 'அனிகட்'. சென்னை மாகாணத்தில் ஆற்றுவேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் நம் 'அணைக்கட்டு' காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டது. 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் தமிழ் மூலத்தையே காட்டுகிறது. ணகரம் மெலிந்தது, ஐகாரம் இகரமானது, கடைசி உகரம் உதிர்ந்தது. மிஞ்சிய 'கட்' ஆங்கிலக் காதுக்கு 'வெட்டு' என்று கேட்கும். பொருளோ நேர் எதிர்.

'அணை' வினையானால் நெருங்கு, தழுவு. பெயரானால் கரை, தடுப்பு. கன்னடத்தில் அணெ, மலையாளத்தில் அண, தெலுங்கில் ஆனகட்ட. தொல்காப்பியம் இதே பொருளுக்கு வேறு சொல் வைத்திருக்கிறது: படையைத் தனியே தாங்கும் வீரன் 'வருவிசைப் புனலைக் கற்சிறை போல' நிற்கிறான். கற்சிறை என்றால் கல்லால் ஆன தடுப்பு.

தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், பதினொரு கால்வாய்கள். ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது. பாபநாசம் அணை 143 அடி வரை நீரைத் தேக்கும். அணைக்கட்டின் வேலை அது இல்லை. கால்வாயின் தலைமதகுக்குள் நீர் ஏறும் அளவுக்கு ஆற்றுமட்டத்தை உயர்த்தும். மிச்சம் சுவர்மேல் வழிந்து போகும். இந்த எட்டில் ஒன்றான மருதூரைச் செய்தித்தாள்கள் 'தடுப்பணை' என்று எழுதுவது பிழை. தடுப்பணையின் தோளிலிருந்து மேலக்கால், கீழக்கால் என்று கால்வாய் பிரியாது. தேக்குவது நீர்த்தேக்கம், முழுக்கக் கதவுகளால் நீரைக் கட்டுப்படுத்துவது கதவணை.

அணைக்கட்டின் தீராத நோய் மணல். சுவருக்கு முன்னால் நீர் வேகம் குறைவதால் மணல் படிந்து தலைமதகின் வாயை அடைக்கும். அதற்காகத்தான் தலைமதகை ஒட்டியே, அதன் தளத்தைவிடத் தாழ்வாக மணற்போக்கி வைப்பது. வெள்ளம் வரும்போது தலைமதகை மூடி இதைத் திறந்தால் ஓட்டமே மணலை இழுத்துப் போய்விடும். மணற்போக்கியின் பலகை துருப்பிடித்து இறுகிவிட்டால் மேடு தட்டும். அப்புறம் சுவர்மேல் தண்ணீர் வழிந்தோடிக்கொண்டிருக்க, கடைமடைக் குளம் பிசான நெல் பருவத்துக்கு வறண்டு கிடக்கும். சுவரின் கீழ்ப்புறம் வழிந்து விழும் நீர் அடிமண்ணைப் பறிக்கும். கல்தளம் பெயர்ந்தால் உடனே போட்டாக வேண்டும்.

ராஜஸ்தானில் சிற்றோடைத் தடுப்பணைக்கும் 'அனிகட்' என்றே பெயர். அங்கே பொருள் மாறியது அவர்கள் பாடு. தமிழில் எழுதும்போது மட்டும் 'அனிகட்' வேண்டாம், 'அணைக்கட்டு' போதும். ககர ஒற்றை விடக் கூடாது. விட்டால் 'அணை கட்டு' என்று யாரையோ ஏவியதாகிவிடும்.