பொக்ரோம்: தமிழில் ‘இனச்சூறை’

பொக்ரோம் ரஷ்யச் சொல். ‘க்ரோமீத்’ என்றால் அடித்து நொறுக்குவது. ‘க்ரோம்’ என்றால் இடி. 1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதும் பழி யூதர்மேல் விழுந்தது. இன்றைய உக்ரைனில் உள்ள எலிசவெத்கிராத் நகரில் மூண்ட தாக்குதல் ஊர் ஊராகப் பரவ, சொல்லும் பிற மொழிகளுக்குப் போனது. 1903-இல் கிஷினெவ் நகரில் (இன்றைய மால்டோவாவின் தலைநகர்) 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதிகாரிகள் வேளையோடு தடுக்கவில்லை. கும்பல், பிறப்பையோ மதத்தையோ பார்த்துப் பொறுக்கியெடுத்த இலக்கு, அரசின் துணை அல்லது பாராமுகம்: இவை சேர்ந்ததே பொக்ரோம்.

தமிழில் ‘கலவரம்’ என்று எழுதிவிடுகிறோம். யார் அடித்தார், யார் அடிபட்டார் என்பது அதில் மறைந்துபோகிறது. ‘இனப்படுகொலை’ வேறு. 1948 ஐ.நா. உடன்படிக்கைப்படி, ஓர் இனத்தை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தை அதற்கு நிறுவ வேண்டும். நிறுவ முடியாத இடத்தில் அச்சொல்லைப் போட்டால், மறுப்பவர் சொல்லைத் தகர்த்தே நடந்ததையும் மறுத்துவிடுவார். ‘இனச்சூறை’ பொருந்தும். சூறை சுழல்காற்று, கொள்ளையும் அதுதான். மதம் காரணமானால் ‘மதச்சூறை’ எனலாம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்ததற்கு இச்சொல்லைக் கவனமாக ஆளவேண்டும். 1949 ஜனவரி 13 மாலை, விக்டோரியா தெருப் பக்கம் இந்தியக் கடைக்காரருக்கும் ஆப்பிரிக்கச் சிறுவனுக்கும் தகராறு. மறுநாள் இந்தியரும் ஆப்பிரிக்கரும் வாழ்ந்த கேட்டோ மேனர் பகுதி எரிந்தது. இறந்தவர்கள் 142 பேர்: ஆப்பிரிக்கர் 87, இந்தியர் 50, வெள்ளையர் ஒருவர், இனம் தெரியாதவர் நால்வர். 247 வீடுகளும் 58 கடைகளும் அழிந்தன. இந்தியருடையதா என்று பார்த்தே தாக்கினார்கள். அந்த அளவில் அது இனச்சூறைதான். ஆனால் மாண்ட ஆப்பிரிக்கரில் பலர் காவல்துறை, ராணுவத் துப்பாக்கிச்சூட்டில் விழுந்தவர்கள். பஸ்ஸும் கடையும் குடிசை வாடகையும் இந்தியர் கையில் இருந்ததால் ஆப்பிரிக்கரின் கோபம் அவர்கள்மேல் பாய்ந்தது உண்மை. இருவரையும் படிப்படியாக அடுக்கிவைத்து ஆண்டது வெள்ளையர் அரசு. ஆகவே தாக்குதலை ‘இனச்சூறை’ என்றும், 87 பேரில் சுடப்பட்டவர்களின் சாவை ‘அரசின் துப்பாக்கிச்சூடு’ என்றும் பிரித்தே எழுதவேண்டும். நம்மவர் சாவை மட்டும் எண்ணுவது நேர்மையல்ல.

2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்டிரா பகுதியில் அயல்நாட்டாரைத் தேடித் தொடங்கிய தாக்குதலும் இனச்சூறையே. 62 பேர் இறந்தார்கள். அவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கர். முழங்கைக்கு சூலு மொழியில் என்ன சொல் என்று கேட்டுக் கும்பல் ஆள் பிரித்தது. சொங்கா, வெண்டா பேசும் உள்ளூர்க்காரர்களும் அடிபட்டார்கள். ‘அயல்நாட்டார்மீது தாக்குதல்’ என்று எழுதினால் இவர்கள் கணக்கில் வராமல் போவார்கள்.