வயல்வரப்பு நடைக்குப் பிறகு வரும் காய்ச்சல்

மழை ஓய்ந்து மார்கழியும் தையும் வந்துவிட்டால், கடலூரிலும் புதுச்சேரியிலும் சிறு குழந்தைகளை வெளியே நடத்திக் கூட்டிச் செல்ல அதைவிட நல்ல பருவம் கிடையாது. ஊசுடு ஏரிக்கரை, பாகூர் ஏரி, பெருமாள் ஏரி, கேப்பர் மலைப் பக்கத்து முந்திரித் தோப்புகள், காணும் பொங்கலையொட்டிய பயணங்கள், தை 5ஆம் நாள் தென்பெண்ணைக் கரையில் கூடும் ஆற்றுத் திருவிழா என்று குடும்பங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் காலம் அது. குழந்தை மருத்துவராக இந்த நடைகளை நான் மனதார வரவேற்கிறேன். நாளெல்லாம் கைப்பேசித் திரையின் முன் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு வரப்பின் மேல் நடக்கும் ஒரு மணி நேரம் தரும் நன்மையை எந்தச் சத்து மாவும் தந்துவிடாது. ஆனால் இதே குளிர்ந்த மாதங்களில்தான் ஸ்கரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலோடு குழந்தைகள் எங்கள் பகுதி மருத்துவமனைகளுக்கு அதிகமாக வருகிறார்கள் என்பதையும், அதில் பெற்றோரின் ஒரு தகவல் எவ்வளவு தூரம் உதவும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைப் பரப்புவது நாயின் மேல் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணி அல்ல. ஆகவே நாய் வளர்க்காத வீட்டுக் குழந்தைக்கும் இது வரும். மண்ணில் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழுதான் கடிக்கிறது. ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் மட்டுமே இருக்கும் அந்தப் புழு கண்ணில் படாது, கடிப்பது வலிக்காது. புல்நுனியிலும் புதர் ஓரத்திலும் காத்திருந்து, எலி போன்ற சிறு விலங்குகளின் மேல் ஏறிக்கொள்ளும் அதற்கு, அவ்வழியே போகும் குழந்தையின் காலும் ஒன்றுதான். வயலும் புதரும் சேரும் விளிம்பு, ஓடைக்கரை, தரிசு நிலம் ஆகிய இடங்களில் இவை பரவலாக இல்லாமல் திட்டுத் திட்டாக இருக்கும். ஒரே பாதையில் நடந்த அக்காளுக்கு ஒன்றும் ஆகாமல் தம்பிக்கு மட்டும் காய்ச்சல் வருவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது.

கடித்த அன்றே காய்ச்சல் வந்துவிட்டால் பெற்றோரே காரணத்தை ஊகித்துவிடுவார்கள். அப்படி வருவதில்லை. 6 முதல் 21 நாட்கள் வரை கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் குழந்தை பள்ளிக்குத் திரும்பி, பொங்கல் விடுமுறையும் மறந்து போயிருக்கும். விடாத காய்ச்சல், தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, சில குழந்தைகளுக்கு முகமும் இமையும் வீங்குதல் என்று வரும்போது வீட்டார் நினைப்பது டெங்குவைத்தான். மழைக்காலத்தை ஒட்டி இரண்டுமே வருவதாலும், இரண்டிலுமே இரத்தத் தட்டணுக்கள் குறையக்கூடும் என்பதாலும் அந்த எண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. டெங்குவுக்கென்று தனி மருந்து இல்லை. உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது, அது விலை குறைந்ததும்கூட. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் உரிய நேரத்தில் தொடங்கப்பட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் அமாக்ஸிசிலின் போன்றவை இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது. அவற்றைக் கொடுத்துக்கொண்டு காத்திருக்கும் நாட்களில் நோய் நுரையீரலையும் மூளையையும் சிறுநீரகத்தையும் எட்டிவிடக்கூடும்.

டாக்சிசைக்ளின் என்றதும் பல் கறையாகிவிடும் என்று கவலைப்படும் பெற்றோர் உண்டு. பழைய டெட்ராசைக்ளின் மருந்துகளால் வந்த கவலை அது. இந்நோய்க்குக் கொடுக்கும் குறுகிய காலச் சிகிச்சையில் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் டாக்சிசைக்ளின் பாதுகாப்பானது என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு.

இங்கே பெற்றோரால் செய்யக்கூடியவை இரண்டு. காய்ச்சலோடு வரும்போது, கடந்த மூன்று வாரங்களில் தோப்புக்கோ வயலுக்கோ ஏரிக்கரைக்கோ போனோம் என்று, மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அடுத்தது, குழந்தையின் உடலை நல்ல வெளிச்சத்தில் முழுதாகப் பாருங்கள். கடித்த இடத்தில் சிலருக்குச் சிகரெட் சுட்டது போல, நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்புமாக ஒரு புண் இருக்கும். மருத்துவர்கள் அதை எஸ்கார் என்பார்கள். அது வலிப்பதும் இல்லை, அரிப்பதும் இல்லை. ஆகவே குழந்தை அதைச் சொல்லாது. அக்குள், தொடையிடுக்கு, பிறப்புறுப்பு, பிட்டத்தின் மடிப்பு, காதின் பின்புறம், தலைமுடிக்குள், தொப்புள் என்று உடையோ முடியோ மறைக்கும், எளிதில் கண்ணில் படாத இடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில், சட்டையோடு மேசையில் கிடத்திப் பார்க்கும்போது தப்பிவிடும் இந்தப் புண்ணை, குளிப்பாட்டும் அம்மாவோ பாட்டியோ எளிதில் கண்டுவிடலாம். கூச்சப்படும் வயதுப் பெண் குழந்தையை வீட்டில் தாய் பார்த்துச் சொன்னால் போதும். புண் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. ஆனால் இருந்தால், இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்க அதுவே வலுவான காரணம்.

தடுப்பூசி இல்லாத நோய் இது. நடைக்கு முழுக்கால் சட்டையும் காலுறையும் காலணியும் போட்டு, சட்டையின் கால்முனையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். கட்டுச்சோற்றை அவிழ்க்கும்போது புல்லில் நேராக உட்காராமல் கெட்டியான தார்ப்பாய் விரிக்கலாம். கழற்றிய உடைகளைப் புதரின் மேல் போட வேண்டாம். டீட் அடங்கிய பூச்சிவிரட்டியை 2 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, கைவிரல்களையும் கண், வாய்ப் பக்கத்தையும் விட்டுவிட்டுப் பெரியவர்களே பூச வேண்டும். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்க வைத்து, உடுத்தியிருந்தவற்றை அன்றே துவைத்துவிடுவது எல்லாவற்றிலும் எளிது. இன்னும் ஊன்றிக்கொள்ளாத புழுக்கள் அதிலேயே போய்விடும்.

நடையின் மற்ற ஆபத்துகளைப் பெற்றோர் ஓரளவு அறிந்தே இருக்கிறார்கள். நீர்நிலைக்கு அருகில் சிறு குழந்தை உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும், குறிப்பாக மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீரில் மறைந்திருக்கும் ஏரிகளில். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். கோடைப் பக்கம் முந்திரித் தோப்புக்குப் போகிறவர்கள், பச்சை முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருக்கும் எண்ணெய் தோலையும் வாயையும் புண்ணாக்கிவிடும் என்பதால், பழத்தோடு கொட்டையைக் கடிக்கக் கூடாது என்று குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

உடன் நடந்த பெரியவர்களுக்கும் இதே மூன்று வாரக் கணக்குப் பொருந்தும். முக்கியமாக, குழந்தைகளோடு வந்த கர்ப்பிணிக்குப் பின்னால் காய்ச்சல் கண்டால், கர்ப்பத்தையும் அந்த நடையையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவருக்கு டாக்சிசைக்ளினைத் தவிர்த்து அசித்ரோமைசின் கொடுப்பதே வழக்கம்.