சாமான் வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி: ராமநாதபுரம் பக்கம் வீடு மாத்துறவங்களுக்கு

போன வருஷம் மே மாசம், ராத்திரி ஒம்பது மணி இருக்கும், மண்டபத்துல இருந்து ஒரு டீச்சர் போன் பண்ணாங்க. திருநெல்வேலிக்கு ட்ரான்ஸ்ஃபர், நெட்ல தேடி ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நம்பர் எடுத்து 11,000 ரூபாய்க்கு பேசி முடிச்சு 4,000 அட்வான்ஸும் போட்டு விட்டுருக்காங்க. காலைல எட்டு மணிக்கு வர்றேன்னு சொன்ன வண்டி சாயங்காலம் நாலு மணிக்கு மேல வந்து அவசர அவசரமா ஏத்தி, பட்டணம்காத்தான் தாண்டுனதும் நின்னுருச்சு. "மேடம், சாமான் நீங்க சொன்னத விட ஜாஸ்தி, 28,000 போட்டாத்தான் வண்டி நகரும்"னு டிரைவர் சொல்றாரு, புக் பண்ணவன் போனயே எடுக்க மாட்டேங்கறான். அந்தம்மா அழுகல, குரல் மட்டும் நடுங்குச்சு. "தம்பி, ஆறு வருஷமா சேத்த அத்தனையும் அந்த வண்டிக்குள்ள இருக்குப்பா, நான் இப்ப என்ன பண்றது?"

நான் ராமநாதபுரத்துல 17 வருஷமா இந்த வேலைல இருக்கேன், லோடுமேனா ஆரம்பிச்சு அப்புறம் குட்டியானைங்கற சின்ன லோடு வண்டி ஓட்டி இப்ப மூணு வண்டி வச்சு வீட்டுச் சாமான் மட்டும் ஏத்துறேன். இந்த மாதிரி போன் வருஷத்துக்கு நாலஞ்சு வந்துருது, எல்லாமே நடுரோட்டுல நின்னு பண்ற போன், பெரும்பாலும் பள்ளிக்கூட லீவுல ஆரம்பிச்சு ஆடி பொறக்குறதுக்குள்ள மாறிடணும்னு எல்லாரும் ஓடுற நாள்லதான் வரும். அதனால ஒண்ண மொதல்லயே சொல்லிர்றேன், சாமான் உங்க வீட்டுக்குள்ள இருக்குற வரைக்கும்தான் பேச்சு உங்க கைல. ஏத்தி தார்ப்பாய் கட்டிட்டா பேச்சு அவங்க கைக்குப் போயிரும். கேக்க வேண்டியது, பாக்க வேண்டியது, எழுதி வாங்க வேண்டியது எல்லாத்தையும் அதுக்கு முன்னாடியே முடிச்சுக்கங்க.

இது எப்படி நடக்குதுனு தெரிஞ்சா பாதி தப்பிச்சிரலாம். நெட்ல "ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் எதிர்ல"னு அட்ரஸ் போட்டுருப்பாங்க, ஆனா நீங்க பண்ற போன் எங்கயோ வெளியூர்ல ஒரு ரூம்ல உக்காந்திருக்குற ஆளுக்குப் போகும். அவருக்கு வண்டியும் கிடையாது ஆளும் கிடையாது, பாம்பன் எங்க இருக்குனு கூட தெரியாது. அவர் வேலை ரேட்டக் கம்மியா சொல்லி அட்வான்ஸ் வாங்குறது, அப்புறம் இங்க லாரி ஸ்டாண்டுல எவனாவது ரிட்டன் லோடுக்கு, அதாவது ஊருக்குத் திரும்புற வழிக்கு ஒரு லோடு கெடைக்குமான்னு காத்துக்கிட்டு இருப்பான், அவன்ட்ட வாடகை பேசி உங்க வீட்டு வாசலுக்கு அனுப்புறது. டிரைவருக்கு கையில காசு குடுத்திருக்க மாட்டாங்க, "பார்ட்டிட்ட வாங்கிக்க"னு சொல்லிருப்பாங்க. அதனால நடுரோட்டுல நிக்கிற டிரைவரும் பல நேரம் ஏமாந்த ஆளுதான், இத ஞாபகம் வச்சுக்கங்க, கடைசில இதுதான் உதவும்.

இதுக்கு நான் சொல்ற ஒரே சோதனை, "உங்க ஆபீஸ் எங்க இருக்கு, நான் நேர்ல வந்து அட்வான்ஸ் குடுக்குறேன்"னு சொல்லிப் பாருங்க. உண்மையான ஆளுன்னா "வாங்க சார், டீக்கடைக்கு பக்கத்துல ரெண்டாவது மாடி"ன்னு வழி சொல்லுவான். மத்தவன் "ஜிபேல போட்டுருங்க சார், இப்ப ஆஃபர் முடியுது"ம்பான். பணம் போடும்போது கம்பெனி பேருக்குப் பதிலா வேற யாரோ தனி ஆள் பேரு காட்டுச்சுன்னா அங்கயே நிறுத்திருங்க.

அடுத்தது வீட்ட வந்து பாத்தானாங்கறது. போன்ல "டூ பெட்ரூமா, 15,000 ஆகும்"னு சொல்றவங்கள தயவுசெஞ்சு நம்பாதீங்க, ஏன்னா ரெண்டு பெட்ரூம் வீட்டுல ஒரு குட்டியானை சாமானும் இருக்கும், 17 அடி ஐச்சர் லாரி சாமானும் இருக்கும். நான் ஒரு வீட்டுக்குப் போனா மொதல்ல உள்ள போக மாட்டேன், தெருவப் பாப்பேன். நம்ம பக்கம் அதுதான் பெரிய விஷயம். தங்கச்சிமடத்துல தென்னந்தோப்புக்குள்ள மணல் பாதைல லோடு வண்டி எறங்குனா பொதையும், கீழக்கரைல சில தெருவுல பெரிய வண்டி திரும்பவே முடியாது, அங்கல்லாம் குட்டியானைல மெயின் ரோடு வரைக்கும் கொண்டு வந்து பெரிய வண்டிக்கு மாத்தி ஏத்தணும், அதுக்கு தனிக் கூலி உண்டு. அத முன்னாடியே சொல்லி எழுதுறவன் நியாயமானவன், வாசல்ல வந்து நின்னுக்கிட்டு "வண்டி உள்ள வராது, 3,000 எக்ஸ்ட்ரா"னு சொல்றவன் வீட்டப் பாக்காமலே பேசுனவன். ராமேஸ்வரத்துல இருந்து மாறுறவங்க ஆடி அமாவாசை, தை அமாவாசை ஒட்டி தேதி வைக்காதீங்க, தீவுக்குள்ள வர்ற கூட்டத்துல வண்டி எப்ப பாலம் தாண்டும்னு யாராலயும் சொல்ல முடியாது.

உள்ள போனா அடுத்து துரு. உப்புக்காத்து ஊருக்குள்ள பத்து வருஷம் இருந்த ஸ்டீல் பீரோ பாக்குறதுக்கு பெயிண்டோட நல்லாத்தான் நிக்கும், தூக்குனா காலு தனியா வரும். கட்டில் போல்டு துருப்பிடிச்சு இறுகிப் போயிருக்கும், அனுபவம் இல்லாத பசங்க சுத்தியல வச்சு அடிப்பாங்க, போல்டு கழறாது, மரம் பொளந்துரும். நாங்க மொத நாளே போயி மண்ணெண்ணெய் விட்டு வச்சுட்டு வந்துருவோம், மறுநாள் ஸ்பேனர் போட்டா சத்தமில்லாம கழண்டு வரும். இத எதுக்கு சொல்றேன்னா, வீட்டப் பாக்க வந்த ஆளு பீரோவுக்கு அடில குனிஞ்சு பாக்குறானா, கட்டில் போல்ட தொட்டுப் பாக்குறானான்னு கவனிங்க, அந்த ஒரு நிமிஷத்துல அவனுக்கு வேலை தெரியுமா தெரியாதான்னு உங்களுக்கே தெரிஞ்சிரும். நீங்களும் பீரோ, ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் எல்லாத்தையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க, பழைய நெளிவு எது புது நெளிவு எதுன்னு அப்புறம் சண்டை வராது.

பேசுனத எழுதி வாங்குங்க, வாட்ஸப்ல வந்தா கூட போதும். சாமான் லிஸ்ட், மொத்தத் தொகை, அதுல ஏத்துக்கூலி எறக்குகூலி உண்டா, மாடி எத்தனை, எந்த அளவு வண்டி, உங்க சாமான் மட்டும் போகுதா இல்ல பார்ட் லோடா, எந்த தேதி போய்ச் சேரும், இவ்வளவும் அதுல இருக்கணும். பார்ட் லோடு தப்பு இல்ல, காசு மிச்சம்தான், ஆனா வழில வேற லோடு ஏத்தி எறக்கும்போது உங்க சாமானும் கை மாறும், நாளும் கூடும், அது தெரிஞ்சு ஒத்துக்கங்க. "டோல், டீசல் எல்லாம் சேத்தா அண்ணே?"ன்னு வாய் விட்டு கேளுங்க, கேக்குறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

ஜிஎஸ்டி நம்பர் பத்தி நெறைய பேருக்கு குழப்பம். 15 எழுத்து இருக்கும், தமிழ்நாட்டு நம்பர்னா 33ல ஆரம்பிக்கும், ஜிஎஸ்டி வெப்சைட்ல போட்டா யார் பேரு, எந்த அட்ரஸ், நம்பர் உயிரோட இருக்கா கேன்சலான்னு காட்டும். ஒருத்தர் என்கிட்ட கொண்டு வந்து காட்டுன கொட்டேஷன்ல எண்ணிப் பாத்தா 14 எழுத்துதான் இருந்துச்சு. அதுக்காக நம்பர் இல்லாதவன் எல்லாம் திருடன்னு சொல்லல, வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருக்குற சின்ன ஆளுங்களுக்கு பதிவு கட்டாயம் இல்ல, ஆனா நம்பர் இல்லாம பில்லுல ஜிஎஸ்டி போட்டு வாங்குனா அது பொய். வண்டி வந்ததும் நம்பர் பிளேட்டப் பாருங்க, மஞ்ச போர்டு இருக்கணும், வெள்ளை போர்டு வண்டில வாடகை லோடு ஏத்தக் கூடாது. எம்பரிவாஹன்ங்கற அரசாங்க ஆப்ல நம்பரப் போட்டா எஃப்சி (வண்டி ஓடத் தகுதின்னு குடுக்குற சான்று), இன்சூரன்ஸ் உயிரோட இருக்கான்னு ஒரு நிமிஷத்துல தெரியும். சாமான் ஏத்துன உடனே எல்ஆர் கேளுங்க, அதாங்க லாரி ரசீது, உங்க சாமான் இந்த வண்டில இவங்க பொறுப்புல போகுதுங்கறதுக்கு அதுதான் சாட்சி.

அதே மாதிரி "செக்போஸ்ட் செலவு", "ஈ-வே பில் சார்ஜ்"னு சொல்லி வாங்குறாங்க. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்பவே சேல்ஸ் டாக்ஸ் செக்போஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு, நீங்க புழங்குன வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில்லே, அதாவது சரக்கு கொண்டு போக ஜிஎஸ்டில எடுக்குற சீட்டே, தேவை இல்ல. அந்தக் காச குடுக்காதீங்க.

இப்ப இன்சூரன்ஸ், இதுலதான் படிச்சவங்க நெறைய ஏமாறுறாங்க. சாமான் மதிப்பு 4 லட்சம்னு எழுதி 3 சதவீதம்னு 12,000 வாங்கிட்டு, எந்த இன்சூரன்ஸ் கம்பெனிலயும் பாலிசி எடுக்காம அந்தக் காச பைல போட்டுக்குவாங்க. ஒடைஞ்சா "க்ளைம் போட்டிருக்கோம் சார்"னு ஆறு மாசம் இழுப்பாங்க. ஏத்துறதுக்கு முன்னாடியே பாலிசி காப்பி கேளுங்க, கம்பெனி பேரு, பாலிசி நம்பர், உங்க பேரு, எங்கேருந்து எங்க, எல்லாம் இருக்கணும். அந்தக் கம்பெனிக்கே போன் பண்ணி நம்பர் உண்மையான்னு கேளுங்க. பாலிசிலயும் வகை இருக்கு, வண்டி கவுந்தா தீப்பிடிச்சா மட்டும் குடுக்குறது ஒண்ணு, ஒடைசலுக்கும் சேத்து குடுக்குற ஆல் ரிஸ்க்னு ஒண்ணு, எது எடுக்குறாங்கன்னு கேட்டு வாங்குங்க. பேக்கிங் சரியில்லாம ஒடைஞ்சா பாலிசில காசு வராது, நகை, பணம், பத்திரம் எல்லாம் உங்க கைலயே வச்சுக்கங்க.

என் தப்பும் ஒண்ணு சொல்லணும். ஒரு ஐப்பசில தேவிபட்டினத்துல இருந்து காரைக்குடிக்கு ஏத்துனேன், பழைய தார்ப்பாய், ஒரு ஓரத்துல கிழிஞ்சிருந்தது தெரியும், ரெண்டு மணி நேரம்தானேன்னு விட்டுட்டேன். வழில பேஞ்ச மழைல ரெண்டு மெத்தையும் ஒரு பெட்டி புஸ்தகமும் ஊறிப் போச்சு. மெத்தைக்கு காசு குடுத்தேன், புஸ்தகத்துக்கு என்னத்த குடுக்குறது, அந்த வீட்டுப் பெரியவர் ஒவ்வொண்ணா வெயில்ல விரிச்சு வச்சதப் பாத்துக்கிட்டே நின்னேன். ஐப்பசி கார்த்திகைல மாறுறவங்க மூடுன கண்டெய்னர் வண்டியே கேளுங்க, கொஞ்சம் கூட ஆனாலும் பரவால்ல.

சட்டம் என்ன சொல்லுதுனு எங்க வக்கீல் எனக்கு வெளக்கிச் சொன்னத சொல்றேன். 2007ல வந்த சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, லாரி கம்பெனி பொறுப்பு பொதுவா வாடகைல பத்து மடங்கு வரைக்கும்தான், அதுக்கு மேல வேணும்னா ஏத்தும்போதே அதிக ரிஸ்க் ரேட் குடுத்து எழுதி வாங்கிருக்கணும். 15,000 வாடகைன்னா ஒன்றரை லட்சம் தாண்டாது, அதுவும் நீங்க எழுதிக் குடுத்த மதிப்புக்குள்ளதான். அதனால வாடகை குறையணும்னு பில்லக் குறைச்சு போடச் சொல்லாதீங்க, மதிப்பையும் கம்மியா எழுதாதீங்க. கேஸுக்குப் போகணும்னா புக் பண்ண தேதில இருந்து 180 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுத்திருக்கணும், இத தெரியாம விட்டவங்க நெறைய. நுகர்வோர் ஆணையத்துக்கு ரெண்டு வருஷம் டைம், நீங்க குடியிருக்குற ஊர்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணா புகார் எடுத்துக்குவாங்க. அட்வான்ஸ் வாங்கிட்டு ஆளே காணாம போயிட்டா அது சைபர் மோசடி, அன்னைக்கே 1930க்கு அடிங்க, நேரம் ஆக ஆக காசு வேற வேற அக்கவுண்டுக்குப் போயிரும்.

டீச்சருக்கு அன்னைக்கு நான் சொன்னது, காச போடாதீங்க, வண்டி நம்பர போட்டோ எடுத்துட்டு போலீஸுக்கு 112ல அடிங்க, டிரைவர்ட்ட சண்டை போடாதீங்க, "அண்ணே உங்களுக்கு எவ்வளவு வாடகை பேசுனாங்க"ன்னு மட்டும் கேளுங்கன்னேன். ஏத்துன சாமான எறக்க மாட்டேன்னு பிடிச்சு வச்சு காசு கேட்டா பிஎன்எஸ், அதாவது ஐபிசிக்கு பதிலா வந்த குற்றச் சட்டம், அதோட 316ல சரக்கு ஏத்துறவங்களுக்குன்னே தனியா நம்பிக்கை மோசடிப் பிரிவு இருக்கு, ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில், ஸ்டேஷன்ல "இது சிவில் மேட்டர்மா"ன்னு சொன்னா இத எடுத்துச் சொல்லுங்கன்னும் சொன்னேன். ஸ்டேஷன்ல வச்சு டிரைவர் உண்மைய சொல்லிட்டாரு, அவருக்குப் பேசுனது 9,000, ஒரு ரூபா கூட கைக்கு வரல. டீச்சர் அவருக்கே நேரா அந்த 9,000 குடுத்து சாமான கொண்டு போய்ட்டாங்க. 4,000 அட்வான்ஸ் போனது போனதுதான், இன்னும் வரல.

எறக்கும்போது செய்ய வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு. கீழக்கரைல இருந்து சென்னைக்கு ஒரு குடும்பத்த மாத்துனோம், அந்த வீட்டு பெரியம்மா வாசல்ல சேர் போட்டு உக்காந்து, கைல லிஸ்ட்டும் பென்சிலுமா ஒவ்வொண்ணுக்கும் டிக் போட்டாங்க. மொத்தம் 64 சாமான், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். எறக்கி முடிச்சு நான் பேப்பர நீட்டுனா, "தம்பி, 63தான் வந்துருக்கு, 41 எங்க?"ங்குறாங்க. 41 அம்மிக்குழவி, சாக்குல சுத்துனது. பசங்க "எங்கயாவது உள்ள இருக்கும்மா, நாளைக்கு தேடிக்கலாம்"னானுங்க, அவங்க கையெழுத்து போட மாட்டேன்னுட்டாங்க. வண்டிய மறுபடி தொறந்து தேடுனோம், இல்ல. கடைசில கேபின்ல டிரைவர் சீட்டுக்கு அடில கெடந்துச்சு, வழில டீ குடிக்க நிறுத்துனப்ப வீலுக்கு அண்டை குடுக்க எடுத்தவர் அங்கயே போட்டுட்டாரு. சாக்கு மண்ணா இருந்துச்சு, அவங்க பிரிச்சு தடவிப் பாத்து, ஓரத்துல செதையலன்னு தெரிஞ்ச பிறகுதான் 41க்கு டிக் போட்டு கையெழுத்து போட்டாங்க.